காற்றுப் புணை: அதன் அமைப்பும் செப்பமும்

நீரின்மேற் செல்லுதற்கு மாந்தர் கண்ட கருவிகள் பலவாம். ஓடம், தோணி, கட்டுமரம், பரிசல், தெப்பம் என அவை பல பெயர் பெறும். இவற்றுள் பழையதும், மிக எளியதும், எனினும் கற்றோரால் மிகக் குறைவாக எண்ணப்பட்டதும், காற்றை அடைத்து மிதக்க விடும் புணையேயாகும். அதனைப் பற்றிச் சில சொல்லவே இக்கட்டுரை எழுந்தது. "கல்லூரி மலரில் பஞ்சர் ஒட்டும் கதை எற்றுக்கு?" என்று நண்பர் சிலர் நகைத்தல் கூடும். நகைப்பினும் நகைக்க. ஊசி முனையளவுத் துளையொன்று ஓர் உயிரைக் கொள்ளப் பார்த்ததைக் கண்ட பின்னர், யாம் இதனை எளிய பொருளென்று கருதுவதை விட்டோம்.

சென்ற தைத்திங்கள் விடுமுறையில், ஆசிரியரும் மாணாக்கருமாக யாங்கள் சிலர் பழனி வட்டத்துக் கீரனூருக்குச் சென்றிருந்தோம். பழனிமலையிற் பிறந்த சண்முகநதி வடக்கே ஓடி அமராவதியிற் சேரும் நாடு அது. எம்மை அழைத்தவர் நம் கல்லூரியின் பழைய மாணவர். பல்லாண்டு அயல்நாட்டில் ஊழியம் செய்து ஊர் திரும்பியவர். தூண்டில் மீன்பிடிப்பிற் பெருவிருப்புடைய அவர், இரண்டு நீண்ட காற்றுக் குழல்களின்மேல் இரும்புச் சட்டமும் இருக்கையும் பொருத்திய புணையொன்றைத் தம்முடன் கொணர்ந்திருந்தார். அது பல ஆண்டு மடிப்பிலே கிடந்தமையால், காற்றடைத்த சில நாழிகைக்குள் ஒரு புறம் சாயத் தொடங்கிற்று. அதனைச் செப்பஞ்செய்து தருமாறு பௌதிகம் கற்பிக்கும் எம்மைக் கேட்டார்.

அவ்வூர்க் குளத்தில் மீன்பிடித்து வாழும் முதியவர் ஒருவரை யாம் நாடோறும் விடியற்காலையிற் கண்டு வந்தோம். அவருக்கு ஓடம் இல்லை. பழைய லாரி டியூப் ஒன்றிற் காற்றடைத்து, அதன்மேல் ஒரு பலகையைக் கட்டி, அதில் அமர்ந்து, காலால் நீரைத் தள்ளிக்கொண்டு வலை கட்டி வருவார். ஒரு நாள் கரையிலிருந்து நூறு கெஜ தூரத்தில் அவர் இருக்கும்போது பலகை மெல்லச் சாய்வதைக் கண்டோம். சிறிது நேரத்தில் அவர் மார்பளவு நீருள் இருந்தார். ஈரமேறிய வலை ஒரு காலிற் சுற்றிக்கொண்டது. யாங்கள் கரையில் நின்று கை பிசைந்தோமேயன்றி வேறொன்றும் செய்ய அறியேம். அவருடைய பேரன், பதினான்கு வயதுச் சிறுவன், மற்றொரு டியூபைத் தோளில் மாட்டிக்கொண்டு பாய்ந்து சென்று அவரைப் பற்றிக் கரை சேர்த்தான்.

நடுக்கம் தீர்ந்த பின் அம்முதியவர் சொன்ன சொல் இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. "முள்ளுக் குத்துன எடந் தெரிஞ்சா ஒட்டிப்புடலாமுங்க, வாத்தியாரையா. தெரியாமப் போற காத்துத்தான் ஆளைக் கொல்லும்" என்றார். நண்பரின் விலையுயர்ந்த புணைக்கும் முதியவரின் பழைய டியூபுக்கும் நோய் ஒன்றே என்பது எமக்கு அப்போது விளங்கிற்று. இரண்டையும் ஒரே திண்ணையில் வைத்துச் செப்பஞ்செய்ய முனைந்தோம்.

நிற்க. காற்றுப் புணையின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுதும். கி. மு. 9ஆம் நூற்றாண்டில் அசீரிய வேந்தன் இரண்டாம் அசூர்நசிர்பாலின் நிம்ருது அரண்மனைச் சுவர்களிற் செதுக்கப்பட்ட சிற்பங்களில், காற்றூதிய தோற்பைகளை மார்பின்கீழ் அணைத்து ஆற்றைக் கடக்கும் போர்வீரரைக் காணலாம். அச்சிற்பங்கள் இலண்டன் மாநகரத்து பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. நம் நாட்டிலும் சட்லெஜ், பியாஸ் முதலிய ஆறுகளை, காற்றூதிய மாட்டுத்தோலின்மேற் படுத்துக் கடந்தனர். நம் சிற்றூர்ச் சிறார் கிணற்றில் நீந்தப் பழகுங்கால் முதுகிற் கட்டிய காய்ந்த சுரைக்குடுக்கையும் இக்குலத்ததே.

தோல் நனைந்தால் ஊறும், காய்ந்தால் வெடிக்கும். ஆதலின் ரப்பர் வந்த பின்னரே காற்றுப் புணை நம்பத்தக்கதாயிற்று. 1823ஆம் ஆண்டில் சார்லஸ் மாக்கின்டாஷ் என்பார் துணியில் ரப்பரைப் பூசி நீர் புகாதபடி செய்யும் முறைக்கு உரிமை பெற்றார். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றிப் பதப்படுத்தும் முறைக்கு 1844ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர் உரிமை பெற்றார். அதே காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையினரான பீட்டர் ஹால்கெட், போர்த்திக்கொண்டாற் போர்வையாகவும் ஊதினாற் படகாகவும் உதவும் ஒன்றை அமைத்தார். 1888ஆம் ஆண்டில் டன்லப் என்பார் காற்றடைத்த சக்கரத்தைச் செய்தார். அச்சக்கரத்தின் வழித்தோன்றலே நம் முதியவரின் லாரி டியூப். சாலையில் ஓடி ஓய்ந்த பின் அது குளத்தில் இரண்டாம் பிறவி எடுக்கின்றது.

இனி, புணை மிதக்கும் முறையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு பொருள் தான் விலக்கும் நீரின் எடையளவு மேல்நோக்கித் தாங்கப்படும் என்பது ஆர்க்கிமீடிஸ் கண்ட உண்மை. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. புறவட்டம் 100 சென்டிமீட்டர் குறுக்களவும், குழலின் தடிப்பு 28 சென்டிமீட்டரும் உள்ள டியூப் ஒன்றின் கொள்ளளவு ஏறக்குறைய 139 லிட்டர். எனவே அது முழுதும் அமிழும் வரை 139 கிலோ தாங்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறினால் பாதிக்குச் சற்றுக் குறைவாக அமிழும். எண்ணளவில் இது போதுமானதே. ஆயினும் குற்றம் எண்ணில் இல்லை. டியூப் ஒன்றே என்பதில் உள்ளது. அதிற் காற்றுப் போயின், போவது பாதியன்று, முழுதுமாம்.

நண்பரின் புணையோ 240 சென்டிமீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் குறுக்களவும் கொண்ட இரு குழல்களாலாயது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 300 லிட்டர் கொள்ளும். ஆளும் சட்டமும் சேர்ந்து 100 கிலோ ஆயினும் ஆறில் ஒரு கூறே நீருள் அமிழும். மேலும், குழல்கள் இரண்டும் தம்முள் விலகி நிற்றலால், ஒரு புறம் சாய்ந்தவுடன் அப்புறத்துக் குழல் மிகுதியாக அமிழ்ந்து, மிகுதியான விசையோடு மேலே தள்ளி நிலையைச் சீர்செய்யும். இருவர் தூக்கும் காவடித்தண்டில் இரு முனையும் தாங்கப்படுதல் போல்வது இது. ஒரே தோளிற் சுமக்கும் சுமை சாய்தல் எளிது. இரு தோளிற் பகுத்த சுமை சாய்தல் அரிது.

இவ்வகைப் புணையை அயல்நாட்டார் எற்றுக்குச் செய்தனர்? ஈத்தூண்டில் எனத்தகும் ஒரு வகை மீன்பிடிப்புக்காகவே. நம் தூண்டிலில் ஈயக்குண்டின் கனமோ இரையின் கனமோ கயிற்றை இழுத்துச் செல்லும். ஈத்தூண்டிலில் முள்ளின்மேல் இறகும் நூலும் சுற்றி ஒரு பூச்சியின் வடிவைச் செய்வர். அதற்குக் கனமே இல்லை. ஆதலின் கயிற்றையே கனமாகச் செய்து, அதனைப் பின்னால் நீளவீசி, மீண்டும் முன்னால் வீசுவர். நீலகிரியில் டிரௌட் மீன் நிலைபெற்ற பின் அங்குள்ள ஓடைகளில் இம்முறை வழங்கிற்று. சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்த எச். எஸ். தாமஸ் என்பார் 1873ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இந்தியாவில் தூண்டில்' என்னும் பொருள்படும் ஆங்கில நூலில் நம் நாட்டு மீன்களைத் தூண்டிலிற் பிடித்தலைப் பற்றி விரித்தெழுதினார். இம்முறைக்குப் பின்புறம் வெற்றிடம் வேண்டும். கீரனூர்க் குளம் போன்ற இடத்தில் கரை முழுதும் சீமைக் கருவேலம் அடர்ந்திருத்தலால், பின்வீசிய கயிறு முள்ளிற் சிக்கும். ஆகவே வீசுவோர் நீரின் நடுவிற் செல்லல் வேண்டும். வீசுதற்கும் கயிற்றை வாங்குதற்கும் இரு கைகளும் வேண்டுமாதலின், கால்களே துடுப்பாதல் வேண்டும். நம் முதியவர் வலை கட்டுதற்கும் இரு கைகளும் வேண்டுவனவன்றோ? செல்வர் பொழுதுபோக்குக்கும் ஏழை தொழிலுக்கும் வேண்டிய கருவி ஒன்றே என்பதை யாம் இவ்விடத்து உணர்ந்தோம்.

இனிச் செப்பஞ்செய்யும் முறையை வரிசையாகக் கூறுவோம்.

முதலாவது, துளையைக் காணல். காற்றை நன்கு அடைத்து முதலில் வால்வின் வாயில் எச்சில் அல்லது சோப்பு நீர் வைத்துப் பார்த்தல் வேண்டும். பல வேளைகளில் குற்றம் அங்கேயே இருக்கும்; மணலோ தூசியோ அகப்பட்டிருக்கும். அங்குக் குமிழி இல்லையாயின், சோப்பு நுரையைத் தூரிகையால் ஒரு முனை தொடங்கி மறுமுனை வரை சிறுகச் சிறுகப் பூசிப் பார்க்க வேண்டும். சிறிய டியூபைத் தொட்டி நீரில் அமிழ்த்தியும் பார்க்கலாம். கண்ட இடத்தை உடனே பேனாவால் வட்டமிட்டுக் குறிக்க. ஒன்று கண்டவுடன் நின்றுவிடற்க. முதியவரின் டியூபில் யாம் கண்ட துளைகள் மூன்று. இரண்டில் கருவேல முள்ளின் நுனி இன்னும் உள்ளேயே ஒடிந்திருந்தது. அதனைப் பிடுங்காமல் மேலே ஒட்டியிருப்பின் அம்முள் புதிய ஒட்டையும் குத்தியிருக்கும்.

இரண்டாவது, பொருளை அறிதல். ரப்பர் டியூபுக்கு சைக்கிள் கடைச் சொல்யூஷன் ஏற்கும். நண்பரின் புணையிலோ வெளியே தடித்த துணியுறையும், உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பையும் இருந்தன. காற்றை வைத்திருப்பது உட்பை. அதனைக் காப்பது வெளியுறை. பி.வி.சி. வகைப் பிளாஸ்டிக்கில் ரப்பர்ப் பசை பிடிக்காது. பிடித்தாற்போல் தோன்றிச் சில நாளில் உரிந்துவிடும். அப்பொருளுக்கென்றே விற்கும் பசையை வாங்குதல் வேண்டும். எமக்கும் முதலிற் பிழை நேர்ந்தது. கையிலிருந்த சொல்யூஷனைத் தடவி ஒட்டி, மறுநாட் காலையில் ஒட்டு வாழைச்சருகு போல் தனியே கிடக்கக் கண்டோம்.

மூன்றாவது, ஒட்டுதல். துளையைச் சுற்றி உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து வழவழப்பை நீக்குக. தூசியும் எண்ணெயும் இன்றித் துடைத்து உலர்த்துக. ஈரமே ஒட்டின் முதற் பகை. ஒட்டுத் துண்டு துளையைச் சுற்றி இரண்டு விரற்கடையேனும் பரந்திருத்தல் நன்று. அதன் மூலைகளை வட்டமாக வெட்டுக. கூரிய மூலையே முதலில் உரியும். கவலை இறைத்த காலத்தில் தோல்வாலுக்கு ஒட்டுத் தைத்தவரும் மூலையை வளைத்தே தைத்தனர் என்று அம்முதியவர் எமக்கு நினைவூட்டினார். துண்டிலும் டியூபிலும் பசையை மெல்லியதாகத் தடவி, விரலிற் பசை ஒட்டாமல் மெல்லப் பிடிக்கும் பதம் வரும் வரை பொறுத்து, பின்னர் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அழுத்துக. அவசரமே இங்குக் கெடுதி. முழுநாள் ஒன்று கழியும் முன் காற்றடைத்தல் ஆகாது. வெளியுறை நீளக் கிழிந்திருப்பின், முதலில் நைலான் நூலால் தைத்து, அதன்மேல் ஒட்டிடுக. தையல் இழுவிசையைத் தாங்கும், ஒட்டு தையலைக் காக்கும். உட்பையை மீண்டும் நுழைக்குமுன் பவுடர் தூவினால் மடிப்பின்றிப் பரவும்.

நான்காவது, சோதித்தல். இங்கு மாணாக்கர் கற்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. மாலையில் இறுகியிருந்த குழல் விடியலில் தளர்ந்திருப்பின், துளையென்றே எண்ணிவிடற்க. காற்று குளிர்ந்தாற் சுருங்கும். ஆகவே விடியலோடு விடியலை ஒப்பிடுக. மாலையோடு விடியலை ஒப்பிடற்க. நண்பகலில் இதன் மறுதலை நேரும். சதுர அங்குலத்திற்கு வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 இராத்தல். குழலில் அதற்குமேல் 2 இராத்தல் அடைத்தால் மொத்தம் 16.7. 27 பாகை வெப்பத்தில் அடைத்த குழல் வெயிலிற் கிடந்து 57 பாகை அடையின், தனிவெப்ப அளவில் அது 300இலிருந்து 330 ஆகும். அழுத்தம் பத்தில் ஒரு பங்கு கூடி 18.4 ஆகும். குழல் விரியாதிருப்பின் மிகையழுத்தம் 2இலிருந்து 3.7 ஆயிற்று, ஏறக்குறைய இருமடங்கு! பங்குனி வெயிலிற் கரையில் இறுக்கி அடைத்துக் கிடத்திய புணைகள் தையல்விட்டு வெடிப்பதன் காரணம் இதுவே. ஆதலின் கரையிற் கிடக்கும்போது காற்றைச் சிறிது விட்டு நிழலில் வைக்க. நீரில் இறக்கிக் குளிர்ந்த பின் குறையை நிரப்புக.

செப்பம் முடிந்தபின், நண்பர் தம் புணையில் முதியவரை ஏற்றி ஒரு சுற்று வரச் செய்தார். அவர் புகழ்வார் என்று எதிர்பார்த்தோம். அவரோ இறங்கியவுடன், "நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா, உக்காந்தா ஒசரமா இருக்குது. வலை இழுத்தா ஆளு குப்புற விழுவானுங்க. அந்தக் கம்பியெல்லாம் வலையப் புடிச்சு இழுக்குது" என்றார். எழுத்தறியாத அவர் புவியீர்ப்பு மையத்தின் இயல்பை எம்மினும் நன்கறிந்திருந்தார். இருக்கை உயர்ந்தால் மையம் உயரும். பக்கத்தில் இழுக்கும் சுமை எளிதிற் கவிழ்க்கும். நண்பர் அன்றே இருக்கையை ஒரு சாண் தாழ்த்தினார். துருத்தி நின்ற திருகுகளையும் துடுப்புக் கொக்கிகளையும் பழைய டியூப் வாரால் சுற்றி மூடினோம். ஈத்தூண்டிற் கயிறு சிக்காமலிருக்க மடியின் குறுக்கே ஒரு துணியைக் கட்டினோம். முதியவர் அதனைக் கண்டு, வலையை மடித்து வைக்கவும் அதுவே ஏற்றது என்றார்.

அவருக்கென யாங்கள் அமைத்த புணை வருமாறு: இரு லாரி டியூபுகளை ஒரு முழம் இடைவிட்டுப் பக்கம் பக்கமாக வைத்தோம். மேலே மூங்கிற் சட்டம். நடுவில் கயிற்றுக் கட்டில் போலப் பின்னிய தாழ்ந்த இருக்கை. மூங்கிலின் முனைகளைத் தேய்த்து வழுவழுப்பாக்கிச் சாக்கு சுற்றினோம். மெல்லிய கயிறு டியூபை அறுக்குமாதலின் அகன்ற வாரால் கட்டினோம். வால்வுகளை உட்புறமாகத் திருப்பித் துணி சுற்றினோம். இருக்கையின்கீழ் வாய் இறுக மூடிய இருபது லிட்டர் கேன்கள் இரண்டு கட்டினோம். இனிக் கணக்கைக் காண்க. ஆளும் சட்டமும் வலையும் மீனும் சேர்ந்து 100 கிலோ. ஒரு டியூப் முழுதும் காற்றிழப்பினும் மற்றதன் 139 லிட்டரும் கேன்களின் 40 லிட்டரும் எஞ்சும். புணை சாயும், ஆனால் அமிழாது. சாய்ந்தவுடன் நல்ல டியூபின் பக்கமாக நகர்ந்து கரை சேரலாம். ஒன்றை நம்புவதினும் மூன்றை நம்புதல் நன்று என்பதே இவ்வமைப்பின் கருத்து.

இவ்வளவு செய்தும், புணை உயிர்காக்கும் உடைக்கு ஈடாகாது. அதனை அணியாது ஏறுதல் ஆகாது. தனியே செல்லற்க. மதகு திறந்திருக்கும்போதும் கலிங்கு வழியும்போதும் அவற்றின் அருகே செல்லற்க. நீரின் இழுப்புக்கு இலேசான புணை எதிர்நில்லாது. வலையையோ கயிற்றையோ உடலிற் கட்டிக்கொள்ளற்க. கைக்கெட்டும் இடத்தில் ஒரு கத்தி இருக்கட்டும். பெட்ரோலும் எண்ணெயும் ரப்பரைக் கெடுக்கும். வைக்கும் அறையில் எலி புகாமற் பார்த்துக்கொள்க. குளத்து மீனுக்குக் குத்தகை எடுத்தோர் உளராதலின், அவர் இசைவின்றித் தூண்டில் வீசற்க.

யாங்கள் ஊர் திரும்பும் நாளன்று விடியலில் குளக்கரைக்குச் சென்றோம். முதியவர் புதுப் புணையை நீரில் இறக்குமுன், பேரன் ஒரு சிறு கிண்ணத்திற் சோப்பு நுரையோடு இரு டியூபுகளையும் சுற்றி வந்தான். பாட்டனார் காதை வைத்துக் கேட்டார். ஒலி ஒன்றும் இல்லை. பின்னரே ஏறினார். அன்று அவருக்குக் கிடைத்தவை ஜிலேபிக் கெண்டைகளும் ஒரு விராலும். விராலை எமக்குக் கொடுத்துவிட்டு விலை வாங்க மறுத்துவிட்டார்.

நம் மாணாக்கருட் பலர் குளக்கரை ஊர்களிலிருந்து வருவோர். விடுமுறையில் ஊர் செல்லுங்கால் அங்கே லாரி டியூபின்மேல் அமர்ந்து தொழில் செய்வோரைக் காண்பீர்கள். ஒரு கிண்ணம் சோப்பு நுரையும், ஓர் உப்புத்தாளும், ஒரு நாட் பொறுமையும் உங்களிடம் இருக்குமாயின், வகுப்பிற் கற்ற ஆர்க்கிமீடிஸ் அங்கே ஒருவர்க்குப் பயன்படுவார்.